மரம் தின்னும் உயிர்கள்: கரையான் முதல் கப்பல் புழு வரை

தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக 1768இல் வந்து சேர்ந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். ஸ்வீடனின் தாவரவியல் மேதை லின்னேயஸிடம் படித்தவர். தஞ்சைப் பகுதியின் கரையான் புற்றுகளை வெட்டித் திறந்து பார்த்து அவர் எழுதிய கட்டுரை 1779இல் பெர்லினில் அச்சானது. கரையானைப் பற்றிய முதல் முறையான அறிவியல் எழுத்தாகப் பூச்சியியல் வரலாறு அதைக் கருதுகிறது. ஊர் மக்கள் புற்றில் இரண்டு துளை போட்டு, காற்று வரும் பக்கம் புகை மூட்டி, எதிர்ப்பக்கம் பானை வைத்து ஈசல் பிடிப்பதையும், அதை மாவோடு சேர்த்துப் பலகாரமாக்கி ஏழைகளுக்கு மலிவாக விற்பதையும் அவர் அதில் பதிவு செய்தார். வீட்டு உத்தரத்தை அரித்த அதே பூச்சி அந்த ஊரில் உணவாகவும் இருந்தது.

கரையானும் வண்டும் பூஞ்சையும் மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகள் முன்பிருந்தே மரத்தைத் தின்று வருகின்றன. அதனால் காடு அழிந்துவிடவில்லை. நாம் நட்ட தோப்பும் நாம் கட்டிய வீடும் மட்டும் ஏன் இவ்வளவு எளிதாக அவற்றுக்கு இரையாகின்றன? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரத்துக்குள் நுழைய ஒவ்வொரு உயிருக்கும் ஒரு நிலைமை அமைய வேண்டும். ஒன்றுக்கு ஈரம் வேண்டும், ஒன்றுக்கு மாவுச்சத்து வேண்டும், ஒன்றுக்கு மண்ணின் தொடர்பு வேண்டும், இன்னொன்றுக்குக் காயம்பட்ட மரம் வேண்டும். அந்த நிலைமையைப் பெரும்பாலும் நாம்தான் உண்டாக்கிக் கொடுக்கிறோம். பிறகு நஞ்சு தேடி ஓடுகிறோம்.

மரம் உண்பதற்கு எளிய பொருளன்று. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி செல்லுலோஸ். மீதியில் பெரும்பகுதி ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும். செல்லுலோஸ் சர்க்கரைக் கூறுகளால் ஆன நீண்ட சங்கிலி. ஆனால் அதை அறுக்கும் நொதிகள் பெரும்பாலான விலங்குகளிடம் போதுமான அளவில் இல்லை. லிக்னின் அந்தச் சங்கிலிகளைச் சுற்றி இறுகிப் பிடித்திருக்கும் பிசின் போன்ற பொருள். அதைச் சிதைக்கத் தெரிந்த உயிர்கள் உலகில் மிகச் சில. போதாக்குறைக்கு, உடல் வளரத் தேவையான நைட்ரஜன் மரத்தில் மிகமிகக் குறைவு. அதனால்தான் மரம் தின்னும் புழுக்கள் மெதுவாக வளர்கின்றன. வட அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு பொன்னிற வண்டு, வீட்டு மரச்சட்டத்துக்குள் புழுவாகவே 50 ஆண்டுகளுக்கு மேல் கிடந்து, பிறகு வண்டாகி வெளியே வந்தது பதிவாகியிருக்கிறது. உலர்ந்த மரம் உயிரைப் பிடித்து வைத்திருக்கப் போதும், வளர்க்கப் போதாது.

தனியாக இந்த உணவைச் செரிக்க முடியாத உயிர்கள் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டன. பல கரையான் இனங்களின் குடலுக்குள் ஒருசெல் உயிரிகள் வாழ்கின்றன. செல்லுலோஸை உடைப்பது அவைதான் என்பதை 1920களில் அமெரிக்க ஆய்வாளர் கிளீவ்லாண்ட் காட்டினார். அந்த உயிரிகளை நீக்கிவிட்டால், கரையான் மரத்தைத் தின்றுகொண்டே பட்டினியால் சாகும். கோனிக் தஞ்சையில் பார்த்தவை வேறு வகை. நம் வயல்வெளிகளில் ஆளுயரப் புற்று கட்டும் இந்தக் கரையான்கள், சருகையும் மரத்தையும் தின்று கழித்ததைக் கொண்டு புற்றுக்குள் தட்டுத்தட்டாகப் பாத்தி அமைக்கின்றன. அதில் ஒரு பூஞ்சை வளர்கிறது. லிக்னினைச் சிதைக்கும் கடினமான வேலையைப் பூஞ்சை செய்கிறது. பக்குவமான பாத்தியைக் கரையான் தின்கிறது. மழைக்குப் பின் புற்றோரத்தில் முளைக்கும், நாம் ஆசையோடு பறித்துச் சமைக்கும் புற்றுக் காளான், அந்தத் தோட்டத்தின் பூஞ்சை வெளியே நீட்டிய குடைதான். இந்தப் பூஞ்சைக்கு டெர்மிட்டோமைசஸ் என்ற பேரினப் பெயரை 1942இல் பிரெஞ்சு அறிவியலாளர் ரோஜே எயிம் வைத்தார். அது புற்றுக்குள் வளர்வதைக் கோனிக் அதற்கு 160 ஆண்டுகள் முன்பே தஞ்சையில் பார்த்துவிட்டார்.

கரையானை வெள்ளை எறும்பு என்று சொல்லும் வழக்கம் இருந்தாலும், அது எறும்புக்கு உறவில்லை, கரப்பான் பூச்சியின் சுற்றம். 2007இல் வெளியான மரபணு ஆய்வுக்குப் பிறகு கரையானுக்கு இருந்த தனி வரிசை என்ற தகுதி போய், கரப்பான்களின் வரிசைக்குள்ளேயே அது சேர்க்கப்பட்டது. உலகில் ஏறத்தாழ 3,000 கரையான் இனங்கள் உண்டு. அவற்றில் கட்டடத்துக்கும் பயிருக்கும் பெருங்கேடு செய்பவை ஏறக்குறைய 100தான். மற்றவை காட்டில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. பூச்சிக்கொல்லி விளம்பரங்கள் இந்தக் கணக்கைச் சொல்வதே இல்லை.

வீட்டுக்கு வரும் கரையான்களில் இரண்டு வகையைப் பிரித்தறிவது அவசியம். இதில் குழம்பித்தான் பலர் பணத்தை வீணாக்குகிறார்கள். முதல் வகை மண்ணுக்குள் வாழ்வது. அதற்கு ஈரம் வேண்டும், வெளிச்சமும் காற்றும் ஆகா. சுவரோரம் மண் குழாய் கட்டிக்கொண்டு, அதன் வழியாக மண்ணிலிருந்து மரத்துக்குப் போய் வரும். குழாயை உடைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் திரும்பக் கட்டியிருக்கும். இதற்கு மருத்துவம் மண்ணில்தான் செய்ய வேண்டும். இரண்டாவது வகைக்கு மண்ணே தேவையில்லை. உலர்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருந்து, அதிலுள்ள சொற்ப ஈரத்தைக் கொண்டே பிழைத்துக்கொள்ளும். கடலோர ஊர்களில் இது அதிகம். மண் குழாய் இருக்காது. நாற்காலிக்கடியிலோ அலமாரித் தட்டிலோ கசகசா போன்ற சிறு மணிகள் குவிந்திருந்தால், அது இந்தக் கரையான் கழித்த கழிவு. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பக்கங்கள் தெரியும். இந்த வகைக்கு வீட்டைச் சுற்றி மண்ணில் மருந்து ஊற்றுவதால் ஒரு பயனும் இல்லை. மருந்தோ வெப்பமோ அந்த மரச்சாமானுக்குத்தான் தேவை.

மண்கரையானை வீட்டுக்குள் வரவழைப்பது பெரும்பாலும் கட்டுமானத்தின்போது நடக்கும் அலட்சியம். சென்ட்ரிங் அடித்த பலகைத் துண்டுகள், முளைக்குச்சிகள், வெட்டிய மரத்தின் வேர்க்கட்டைகள் எல்லாவற்றையும் அப்படியே மூடி, மேலே தரை போட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கு அடியில் கரையானுக்குப் பல ஆண்டுகளுக்கான தீனி கிடைத்துவிடுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 6313 என்ற வழிகாட்டி இதற்கென்றே எழுதப்பட்டது. அதன் முதல் பகுதி கட்டுமான முறைகளைப் பேசுகிறது. மருந்து அடிப்பது அடுத்த பகுதிகளில்தான் வருகிறது. இந்த வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது. நடைமுறையில் அது தலைகீழாகிவிட்டது.

நஞ்சு அளவு மீறியதன் விலையை உலகம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. ஆல்ட்ரின், டையெல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் ஆகியவை பல பத்தாண்டுகள் கரையானுக்காக மண்ணில் ஊற்றப்பட்டன. ஒரு முறை ஊற்றினால் பல ஆண்டுகள் வீரியம் குறையாது என்பதுதான் அவற்றின் சிறப்பாகப் பேசப்பட்டது. அந்தச் சிறப்பே அவற்றின் குற்றமானது. மண்ணிலும் நீரிலும் மீனிலும் தாய்ப்பாலிலும் அவை சேர்ந்தன. 2001இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் முதலில் குறிவைத்த 12 வேதிப்பொருள்களில் இந்த நான்கும் இருந்தன.

கரையானுக்கு அடுத்தபடியாக நம் வீடுகளில் அதிகம் காணப்படுவது உளு. கட்டிலின் காலைத் தட்டினால் மாவு கொட்டும். குண்டூசி முனை அளவில் துளைகள் தெரியும். இதைச் செய்வது சில மில்லிமீட்டர் நீளமே உள்ள வண்டுகளின் புழு. இது ஏன் சில மரத்தில் மட்டும் விழுகிறது என்பது நெடுங்காலம் தச்சர்களின் அனுபவ அறிவாக இருந்து, பிறகு அறிவியலில் உறுதியானது. இந்தப் புழு மரத்தைக் குடைந்தாலும், பசியாறுவது மரத்தில் சேமிக்கப்பட்டிருக்கும் மாவுச்சத்தால். செல்லுலோஸைச் செரிக்க அதற்குத் தெரியாது. தாய் வண்டு முட்டையிடுவதும் மரத்தின் நீர் கடத்தும் நுண்குழாய்த் துளைகளுக்குள்தான். அந்தக் குழாய்கள் இல்லாத பைன் போன்ற ஊசியிலை மரங்களை இவை தொடுவதில்லை.

மாவுச்சத்து இருப்பது மரத்தின் வெளிறில், அதாவது பட்டையை ஒட்டிய வெளுத்த பகுதியில். உள்ளே வைரம் பாய்ந்த பகுதியில் உயிருள்ள செல்களும் இல்லை, மாவுச்சத்தும் இல்லை. மாறாக மரம் தன்னைக் காத்துக்கொள்ளச் சேர்த்துவைத்த கசப்பான, நச்சுத்தன்மை கொண்ட பொருள்கள் உண்டு. தேக்கின் வைரத்தில் டெக்டோகுவினோன் முதலான பொருள்கள் கரையானை விரட்டுகின்றன. செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்கள் தலைமுறைகள் கடந்து நிற்பதற்கும், இன்று இளம் வயதில் வெட்டி விற்கும் தோட்டத்துத் தேக்கு அரிபடுவதற்கும் காரணம் ஒன்றேதான். வயதான மரத்தில் வைரம் அதிகம், இளமரத்தில் வெளிறு அதிகம். தேக்கு என்று பெயர் சொல்லி வாங்குகிறவர் உண்மையில் எவ்வளவு வைரம் வாங்குகிறார் என்று பார்ப்பதில்லை. உள்ளே வைரம் கொண்டவற்றை மரம் என்றும், வெளியே வைரம் கொண்டவற்றைப் புல் என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. பனங்கை அறுப்பவர்கள் இன்றும் அந்த அறிவின்படிதான் வேலை செய்கிறார்கள். பனையின் உள்சோற்றைக் கழித்துவிட்டு, கருத்துக் கடினமான வெளிப்புறத்தை மட்டுமே எடுக்கிறார்கள்.

வெட்டிய மூங்கிலையும் மாங்கட்டையையும் குளத்தில் வாரக்கணக்கில் ஊறப்போடும் பழக்கம் நம் ஊர்களில் இருந்தது. நாற்றம் தாங்காது. ஆனால் மாவுச்சத்து கரைந்தும் புளித்தும் வெளியேறிவிடும். அப்படி ஊறிய மூங்கிலை உளு எளிதில் தொடாது. தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்ற நம்பிக்கையும் இதே நோக்கில் வந்தது. மரத்தின் மாவுச்சத்து பருவத்துக்குப் பருவம் கூடிக் குறைவது உண்மை, ஆகவே வெட்டும் மாதம் பார்ப்பதில் பொருள் உண்டு. நிலவின் பங்கு அத்தகைய உறுதியோடு நிறுவப்படவில்லை. என்னைப் பொறுத்தவரை, பருவம் பார்ப்பதும் ஊறப்போடுவதும்தான் காக்க வேண்டிய அறிவு.

இந்த அறிவு ஒரு பெரிய தொழிலையே உருவாக்கியதற்கு ரப்பர் மரம் சான்று. பால் வற்றிய ரப்பர் மரம் ஒரு காலத்தில் விறகுக்குத்தான் போனது. அதன் உடல் முழுக்க மாவுச்சத்து. அறுத்த சில நாள்களில் பூஞ்சை படரும், சில வாரங்களில் உளு விழும். அறுத்த உடனே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை மரத்துக்குள் ஊறவைத்து உலர்த்தும் முறை பரவிய பின், மலேசியாவிலும் கேரளத்திலும் அது நாற்காலியும் மேசையும் ஆனது. போரான் மனிதருக்குப் பெரிய ஆபத்தில்லை, பூச்சிக்கு ஆபத்து. மழையில் நனைந்தால் கரைந்து போய்விடும் என்பதால், வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு மட்டுமே பொருந்தும்.

வெட்டிய மரத்தை விட்டு, நிற்கும் மரத்துக்கு வருவோம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. தோப்பு இழந்த துயரம் ஒரு பக்கம். விழுந்த மரங்களை அகற்ற வழியின்றி விட்டவர்களுக்கு இரண்டாவது துயரம் காத்திருந்தது. காண்டாமிருக வண்டு முட்டையிடுவது மட்கும் தென்னந்தண்டிலும் எருக்குழியிலும்தான். அதன் புழு நிற்கும் மரத்துக்குத் தீங்கு செய்வதில்லை. வளர்ந்த வண்டு பறந்துபோய், தப்பிப் பிழைத்த தென்னையின் குருத்தைக் குடைகிறது. குருத்து விரியும்போது மட்டையின் கீற்றுகள் கத்தரியால் வெட்டியதாகத் தெரியும். அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வருகிறது. அதன் புழுக்கள் தண்டின் உட்பகுதியைத் தின்கின்றன. காதை மரத்தில் வைத்தால் அவை கடிக்கும் ஒலி கேட்கும் என்பார்கள் தென்னை விவசாயிகள். கொண்டை சாயும்போது மரம் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருக்கும். இரண்டு பூச்சிகள் என்று தனித்தனியே சொன்னாலும், ஒன்று திறக்கும் வழியில் மற்றது நுழைகிறது. முதலாவதற்கு வழி திறந்தது அகற்றாமல் விட்ட தண்டு.

இதற்கு நம்மிடம் உள்ள முறைகள் எளியவை. குருத்தைச் சுற்றியுள்ள மட்டையிடுக்குகளில் வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து வைப்பது, ஆமணக்குப் புண்ணாக்கை ஊறவைத்த மண்பானைகளால் வண்டை ஈர்ப்பது, கம்பியால் குத்தி எடுப்பது, எருக்குழியில் பச்சைப் பூஞ்சை மெட்டாரைசியத்தைச் சேர்ப்பது. காண்டாமிருக வண்டைக் கொல்லும் வைரஸ் ஒன்றை 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானியரான அலோய்ஸ் ஹூகர் மலேசியாவில் கண்டார். 1967இல் அதைச் சமோவாத் தீவுகளில் விட்டபோது வண்டின் தொகை சரிந்தது. பயிர்ப் பாதுகாப்பு வரலாற்றில் போற்றப்படும் வெற்றி அது. ஆனால் 2007இல் குவாம் தீவில் பரவிய வண்டு இந்த வைரஸுக்கு எளிதில் பணியவில்லை. எந்த ஒற்றை மருந்தும் நெடுநாள் நிற்பதில்லை. தோப்பைச் சுத்தமாக வைப்பது மட்டும் எக்காலத்துக்கும் பயன் தருகிறது.

நலமான மரம் எளிதில் தோற்பதில்லை. துளைக்க வரும் பூச்சியைப் பிசினிலும் பாலிலும் மூழ்கடிக்கும். இதை மத்தியப் பிரதேசத்தின் சால் காடுகளில் தெளிவாகப் பார்க்கலாம். சால் மரத்தைத் துளைக்கும் நீள்கொம்பு வண்டு அந்தக் காடுகளில் எப்போதும் உண்டு. சாதாரண ஆண்டுகளில் விழுந்த மரத்தையும் நலிந்த மரத்தையும் தின்று வாழும், நலமான மரத்தில் இறங்கும் புழுக்கள் குங்கிலியத்தில் மூழ்கிச் சாகும். வண்டுகளின் தொகை ஒரு வரம்பைத் தாண்டிவிட்டால் மரத்தின் பிசின் போதாது. 1923 முதல் 1928 வரை நடந்த பெருந்தாக்குதலில் ஏறத்தாழ 70 லட்சம் சால் மரங்கள் அழிந்தன. 1990களின் பிற்பகுதியில் மீண்டும் பரவியபோது, தாக்குண்ட மரங்களில் எத்தனையை வெட்டலாம் என்பதே பெரிய சர்ச்சையானது. அங்கே இன்றும் நம்பப்படும் முறை பொறிமரம். மழைக்காலத்தின் தொடக்கத்தில் சில சால் மரங்களை வெட்டி, பட்டையை நசுக்கிப் போடுகிறார்கள். வடியும் சாற்றைக் குடிக்க வரும் வண்டுகள் மயங்கிக் கிடக்கும். காட்டுவாசி மக்கள் அவற்றைப் பொறுக்கிக் கொடுத்துக் கூலி பெறுகிறார்கள். வண்டின் பசியை அறிந்து செய்த முறை இது, நஞ்சே இல்லாதது.

காப்பித் தோட்டங்களில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் இதே பாடத்தைச் சொல்கிறது. சேர்வராயன் மலையிலும் கீழ்ப்பழனியிலும் குடகிலும் அரபிகா செடிகளின் பெரும்பகை அது. பளிச்சென்று வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்புகளில் அது முட்டையிடுகிறது. நிழல்மரங்களை வெட்டிய தோட்டத்தில் அதிகம், நிழல் காத்த தோட்டத்தில் குறைவு. இலங்கைத் தேயிலையில் 1892 முதலே அறியப்பட்ட துளைவண்டு, தண்டுக்குள் பூஞ்சை விதைத்து அதை உண்கிறது. அதன் நெருங்கிய உறவுகள் இன்று கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் தென்னாப்பிரிக்காவிலும் அவகாடோ மரங்களையும் தெருவோர மரங்களையும் கொன்றுகொண்டிருக்கின்றன.

பூஞ்சைகளைப் பற்றித் தனி நூலே எழுத வேண்டும். இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். பழுப்பு அழுகல் பூஞ்சை செல்லுலோஸைத் தின்று லிக்னினை விட்டுவிடும், மரம் பழுப்பாகிக் கட்டம் கட்டமாக வெடித்து உதிரும். வெள்ளை அழுகல் பூஞ்சை லிக்னினையும் சேர்த்துச் சிதைக்கும், மரம் வெளுத்து நார்நாராகும். லிக்னினை உடைக்கும் நொதி 1983இல்தான் கண்டறியப்பட்டது. தஞ்சை வட்டாரத்தில் 1952 புயலுக்குப் பின் கவனிக்கப்பட்டுத் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர் பெற்ற தென்னை நோய்க்கும் வெள்ளை அழுகல் பூஞ்சையான கேனோடெர்மாதான் காரணம். மரத்தில் 20 விழுக்காட்டுக்கும் குறைவான ஈரமே இருந்தால் இந்தப் பூஞ்சைகளால் வளர முடியாது. குளியலறைக் கதவின் அடிப்பகுதி மட்டும் அழுகுவதும், அதே மரத்தில் செய்த கூடத்துக் கதவு அப்படியே இருப்பதும் இதனால்தான்.

நீர் என்றால் நன்னீர் மட்டுமன்று. கடலில் மரத்துக்கு இன்னொரு கூட்டம் பகையாகக் காத்திருக்கிறது. கப்பல் புழு என்று அழைக்கப்படுவது புழுவே அன்று, கிளிஞ்சல் வகை. உடல் நீண்டு மென்மையாகி, ஓடு இரண்டும் தலைப்பக்கத்தில் அரமாக மாறிவிட்டன. மிதக்கும் மரத்தில் ஊசித்துளை அளவில் நுழைந்து, உள்ளே வளர்ந்து, மரத்தை வெற்றுக் கூடாக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. அதன் செவுளில் வாழும் பாக்டீரியா செல்லுலோஸை உடைக்கும் நொதியைத் தருகிறது, காற்றின் நைட்ரஜனையும் பிடித்துக் கொடுக்கிறது என்று 1983இல் தெரியவந்தது. மரத்தில் இல்லாத சத்தை அதற்குத் தருவது அந்தக் கூட்டாளிதான்.

1730களில் நெதர்லாந்தின் கடல் அணைகளைத் தாங்கிய மரத்தூண்களைக் கப்பல் புழு தின்றுவிட்டது. கடல் மட்டத்துக்குக் கீழே வாழும் நாடு நடுங்கியது. மரத்தை விட்டுக் கல்லால் அணை கட்டத் தொடங்கினார்கள். கொலம்பஸின் நான்காவது பயணத்தில் கப்பல்கள் புழு அரித்துப் பயன்படாமல் போய், 1503இல் அவர் ஜமைக்காக் கரையில் ஒதுங்க நேர்ந்தது. பிரிட்டிஷ் கடற்படை 1761இல் அலார்ம் என்ற கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு போர்த்திப் பார்த்தது. சோழமண்டலக் கரை மீனவர்களின் வழி இதைவிட எளியது. கடலுக்குப் போய் வந்ததும் கட்டுமரத்தை மணலில் இழுத்துப் போட்டு, கயிற்றை அவிழ்த்து, கட்டைகளைப் பிரித்துக் காயவைத்தார்கள். மரம் ஊறிக் கனக்காமல் இருக்கச் செய்ததுதான். வெயிலில் காயும் மரத்தில் கடல் துளைப்பான் பிழைப்பதில்லை என்பதால் மரமும் காக்கப்பட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு கண்ணாடி இழைப் படகுகள் பெருகி, கட்டுமரம் அருகிவிட்டது. பிரித்துக் காயவைக்கும் அந்தப் பழக்கத்தில் இருந்த பாதுகாப்பறிவு பதிவாகாமலே போய்விடக் கூடாது.

மரத்துக்கு மருந்தேற்றும் தொழில்நுட்பத்தில் இந்தியாவின் பங்கைப் பலர் அறியார். 1838இல் இங்கிலாந்தின் ஜான் பெதல் கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தால் மரத்துக்குள் செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ரயில்பாதைகள் அதன் மேல் ஓடின. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, 1933இல், டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம், செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றையும் கலந்த நீர்க்கரைசலை உருவாக்கினார். செம்பு பூஞ்சையைத் தடுக்கும், ஆர்செனிக் பூச்சியைத் தடுக்கும், குரோமியம் இரண்டையும் மரநாரில் பிணைத்து நிறுத்தும். மழையில் கரையாது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் மின்கம்பங்களும் வேலிக்கால்களும் மரப்பாலங்களும் இந்தக் கலவையால்தான் நின்றன. பிறகு ஆர்செனிக் பற்றிய அச்சம் வலுத்தது. குழந்தைகள் விளையாடும் மர ஊஞ்சல்களிலிருந்து அது கையில் ஒட்டும் என்ற கவலையால், அமெரிக்காவில் 2003இன் இறுதியோடு வீட்டு உபயோகத்துக்கு அது நிறுத்தப்பட்டது. ஐரோப்பாவும் கட்டுப்படுத்தியது. இன்றைய கேள்விகளோடு காமேசத்தின் பணியைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமன்று. மின்கம்பத்துக்காக வெட்டப்படாமல் தப்பிய காடுகளின் பரப்பை யோசித்தால் அவருக்கு உரிய இடம் புரியும்.

இப்போது ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. சரக்கை அடைக்கும் மலிவான மரப்பெட்டி, தாங்குபலகை ஆகியவற்றுக்குள் புழு ஒரு கண்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது. கிழக்கு ஆசியாவின் மரகத நிற வண்டு ஒன்று 2002இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் அழிந்துவிட்டன. சொந்த ஊரில் அது சாதாரண வண்டு. அங்கே மரமும் அதுவும் நெடுங்காலம் ஒன்றையொன்று அறிந்தவை. அமெரிக்க ஆஷ் மரங்களுக்கு அதை எதிர்க்கும் பழக்கம் இல்லை. அதே ஆண்டு ஏற்கப்பட்ட பன்னாட்டு விதிப்படி, ஏற்றுமதிச் சரக்கின் மரப்பெட்டி உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டோ, ஏற்கப்பட்ட வேறு முறையில் பதப்படுத்தப்பட்டோ முத்திரை குத்தப்பட வேண்டும். தூத்துக்குடி, சென்னைத் துறைமுகங்களில் இறங்கும் பெட்டிகளில் அந்த முத்திரையைச் சரிபார்ப்பதை வெறும் காகித வேலையாக விட்டுவிட்டால், அதன் விலையை நம் தோப்புகள் கொடுக்கும்.

வெப்பமாகும் உலகில் இந்தக் கணக்கு இன்னும் மாறப்போகிறது. ஆறு கண்டங்களில் 133 இடங்களில் மரத்துண்டுகளை வைத்துப் பார்த்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பம் 10 டிகிரி கூடும்போது கரையான் மரத்தைச் சிதைக்கும் வேகம் ஏறத்தாழ ஏழு மடங்காகிறது என்று கண்டார்கள். நுண்ணுயிர்களின் வேகம் இரண்டு மடங்குகூட ஆவதில்லை. கரையான் இன்று இல்லாத பகுதிகளுக்கும் அது பரவும். இறந்த மரங்களிலிருந்து காற்றுக்குத் திரும்பும் கரிமத்தில் 29 விழுக்காடு பூச்சிகளின் வேலை என்று 2021இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கணக்கிட்டது. விழுந்த மரம் மண்ணாவது இந்த உயிர்களால்தான். அவை இல்லாவிட்டால் காட்டில் புது விதைக்கு இடமும் சத்தும் கிடைக்காது. எறும்புத்தின்னியும் கரடியும் மரங்கொத்தியும் அவற்றை நம்பியே வாழ்கின்றன. காட்டில் கிடக்கும் பட்ட மரங்களைச் சுத்தம் என்ற பெயரில் அகற்றுவதை நான் ஏற்கவில்லை. தோப்பில் கிடக்கும் தண்டை அகற்று என்பதும், காட்டில் கிடக்கும் தண்டை விட்டுவிடு என்பதும் முரணாகத் தோன்றலாம். தோப்பு ஒரே மரத்தின் கூட்டம், அங்கே ஒரு பூச்சி பெருகினால் அதைத் தடுக்க வேறு உயிர் இல்லை. காட்டில் பல மரங்களும் அந்தப் பூச்சியைத் தின்னும் பல உயிர்களும் உண்டு.

வீடு கட்டுகிறவர்களுக்கு என் வேண்டுகோள் எளிது. நிலைக்கும் கதவுக்கும் மரம் எடுக்கும்போது மரக்கடைக்கு ஆசாரியை அழைத்துப் போங்கள். அறுத்த சட்டத்தின் முனையைப் பார்த்து, வெளுத்த பகுதி எவ்வளவு, கருத்த பகுதி எவ்வளவு என்று கேளுங்கள். வெளிறைச் சீவி எறியச் சொல்லுங்கள், அல்லது போரான் ஏற்றிய மரமாகக் கேட்டு வாங்குங்கள். பச்சை மரத்தை அவசரமாக நிலைக்கு வைக்காதீர்கள். தரை போடும் முன் கட்டுமான இடத்தில் ஒரு பலகைத் துண்டுகூட மண்ணுக்குள் போகாமல் நீங்களே நின்று பாருங்கள். தென்னை வைத்திருப்பவர்கள், சாய்ந்த மரத்தை அடுத்த பருவம் வரை தோப்பில் கிடக்க விடாதீர்கள். அரசும் புயல் நிவாரணக் கணக்கில் விழுந்த மரத்துக்கான இழப்பீட்டோடு நின்றுவிடாமல், அந்தத் தண்டை அப்புறப்படுத்தும் செலவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.